அரண்மனையை விட்டு வந்தவர் கேட்ட ஒரே ஒரு காரியம்... ஓரியூர் செம்மண் சொல்லும் அருளானந்தர் கதை!

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களில் இரண்டு பெயர்களை அடிக்கடி கேட்கலாம். ஒன்று பிரிட்டோ. இன்னொன்று அருளானந்து. முதலாவது போர்ச்சுக்கல் பிரபு குடும்பத்துப் பெயர். இரண்டாவது நம் ஊர்ச் சாமியார் பெயர் போல ஒலிக்கும். இரண்டும் ஒரே மனிதருடையவைதான்.

அந்த மனிதர் புனித அருளானந்தர். போர்ச்சுக்கல் பெயர் ஜான் தெ பிரிட்டோ. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகக் கிழக்கே போனால், பாம்பாற்றங்கரையில் ஓரியூர் வரும். ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தாலும், கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கில் அது சிவகங்கை மறைமாவட்டம். அங்கேதான் 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ம் தேதி அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

'எப்படிச் செத்தார்' என்ற கதை இந்தப் பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். 'எதற்காக' என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும் கேள்வி. அவர் யாரிடமும் பொன் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. ஒரு மனிதரிடம் ஒரே ஒரு காரியம் கேட்டார். அதைக் கேட்கும் தகுதி அவருக்கு எங்கிருந்து வந்தது, அதற்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது.

அம்மாவின் நேர்த்தி

1647-ம் ஆண்டு மார்ச் 1-ம் தேதி லிஸ்பன் நகரில் பிறந்தார் ஜான். அப்பா சால்வடோர், அரசரின் நம்பிக்கைக்குரியவர். பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவின் ஆளுநராகப் போன இடத்திலேயே இறந்துவிட்டார். அம்மா பெயர் பியாட்ரிஸ். சிறுவன் ஜான், இளவரசன் பெத்ருவின் தோழனாக அரண்மனையில் வளர்ந்தான்.

ஒரு கட்டத்தில் பையனுக்குக் கடும் நோய். பிழைப்பானா என்பதே சந்தேகம். நம் ஊர் அம்மாக்கள் செய்வதைத்தான் அந்த அம்மாவும் செய்தார். நேர்ந்துகொண்டார். புனித பிரான்சிஸ் சவேரியாரிடம், 'என் பிள்ளை பிழைத்தால் ஓர் ஆண்டு இயேசு சபைத் துறவியின் அங்கியை அவனுக்கு உடுத்துகிறேன்' என்பது அந்த வேண்டுதல்.

பையன் பிழைத்தான். ஓர் ஆண்டு அங்கியோடு அரண்மனையில் உலவினான். ஆண்டு முடிந்து அங்கியைக் கழற்றியாயிற்று. ஆனால், மனதிலிருந்து அது கழலவில்லை. 1662-ம் ஆண்டு டிசம்பரில், 15 வயதில், இயேசு சபையில் சேர்ந்துவிட்டான்.

பின்னாளில் அவர் இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது தடுக்க முயன்றதும் அதே அம்மாதான். கணவரை அயல்நாட்டில் பறிகொடுத்த பெண், மகனையும் கடல் தாண்டி அனுப்ப எப்படிச் சம்மதிப்பார்? கடவுளுக்கு நேர்ந்துவிட்ட பிள்ளையைக் கடவுள் உண்மையிலேயே கேட்டால் என்ன செய்வது என்ற தவிப்பு அவருடையது. 1673-ல் ஜான் கப்பலேறினார்.

காவி உடுத்திய பண்டார சுவாமி

அன்றைய மதுரை மறைப்பணித்தளம் இன்றைய மதுரை நகரம் மட்டும் அல்ல. தமிழகத்தின் பெரும் பகுதியை உள்ளடக்கியது. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, உள்ளூர்த் துறவியைப்போல உடுத்தி, உள்ளூர் மொழியில் பேசும் வழியைத் தொடங்கிவைத்திருந்தார். ஆனால், அந்தக் காலத்துச் சாதிக் கட்டுப்பாட்டில், பிராமண சந்நியாசி கோலத்தில் இருப்பவர் எல்லா மக்களோடும் பழக முடியாது. எனவே, பல சாதியினரிடமும் போய்வரக்கூடிய பண்டார சுவாமிகள் என்ற முறை உருவானது. ஜான் அந்த வழியில் வந்தவர். பெயரும் அருளானந்தர் ஆனது.

காவித் துணி, தலைப்பாகை, கையில் கோல். இன்றும் தமிழகத் தேவாலயங்களில் அவர் சிலை இப்படித்தான் இருக்கும். இறைச்சி இல்லை, மது இல்லை. சோறும் பருப்பும் கீரையும்தான் சாப்பாடு. நடந்தே ஊர் ஊராகப் போனார். அரண்மனை மேஜையில் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு இது ஒருநாள் விரதம் அல்ல. வாழ்நாள் முழுக்க.

தமிழில் 'வேஷம்' என்று ஒரு சொல் உண்டு. வெளியில் உடுத்துவது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்றால் அது வேஷம். அருளானந்தரின் காவி வேஷமா, வாழ்வா? அந்தக் கேள்விக்கு இரண்டு முறை பரீட்சை வந்தது.

வந்த வழியே போயிருக்கலாம்

முதல் பரீட்சை 1686-ல். மறவர் நாட்டில், அதாவது ராமநாதபுரம் சேதுபதியின் ஆட்சிப் பகுதியில், அவரும் உடன் வந்த உபதேசியார்களும் பிடிக்கப்பட்டார்கள். (அன்று சிவகங்கை தனிச் சீமையாகப் பிரியவில்லை.) சங்கிலியில் கட்டப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள், தண்ணீரில் அமுக்கப்பட்டார்கள். கடைசியில் ரகுநாத கிழவன் சேதுபதி அவர்களை விடுவித்தார். இனி இந்த மண்ணில் போதிக்கக் கூடாது என்பது கட்டளை.

இரண்டாவது பரீட்சை அடியைவிடக் கடினமானது. அது சுகம். பணித்தளத்தின் காரியங்களுக்காக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். லிஸ்பனில் அப்போது அரசர் யார் தெரியுமா? சிறுவயதில் கூடவே வளர்ந்த அதே பெத்ரு. அரசர் அவரைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். அம்மாவும் உயிரோடு இருந்தார். 'இந்தியாவுக்காக ஒருமுறை சித்ரவதைப்பட்டாயிற்று, போதும்' என்று அவர் அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கௌரவமான ஓய்வு என்றே சொல்லியிருப்பார்கள்.

அங்கேயும் அவர் தமிழ்நாட்டில் பழகிய எளிய சாப்பாட்டை விடவில்லை என்று அவர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1690-ல் மறுபடி கப்பலேறி, எந்த மண்ணில் போதிக்கக் கூடாது என்று கட்டளை இருந்ததோ, அதே மறவர் நாட்டுக்குத் திரும்பினார்.

தடியத்தேவர் வைத்த கோரிக்கை

சேதுபதியின் உறவுமுறையில் வரும் தலைவர்களில் ஒருவர் தடியத்தேவர். ராமநாதபுரம் அரியணைக்கே உரிமை கோரக்கூடிய இடத்தில் இருந்தவர். அவர் கடும் நோயில் விழுந்தார். வைத்தியர்கள் கைவிட்டார்கள். அருளானந்தரின் உபதேசியார் ஒருவர் போய், தலைமாட்டில் நற்செய்தியை வாசித்து ஜெபித்தார். தடியத்தேவர் பிழைத்தார். உடனே தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார்.

எந்த மதப் பிரசாரகருக்கும் இப்படி ஒருவர் கிடைப்பது பெரிய வாய்ப்பு. ஊர்த் தலைவரே வருகிறார், பின்னால் ஊரே வரும். கேட்டவுடன் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். அருளானந்தர் அப்படிச் செய்யவில்லை. தயங்கினார். காரணம், தடியத்தேவருக்குப் பல மனைவியர்.

அன்றைய குறுநில அரசர்களிடையே அது சாதாரண விஷயம். ஒவ்வொரு திருமணத்துக்குப் பின்னாலும் ஒரு குலத்தின் உறவு, ஓர் அரசியல் உடன்பாடு இருக்கும். ஆனால், ஒருவனுக்கு ஒருத்தி என்ற கிறிஸ்தவ ஒழுக்கத்தில் தலைவருக்கு ஒரு சட்டம், குடிமகனுக்கு ஒரு சட்டம் என்று கிடையாது. கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களுக்குப் பவுல் எழுதிய கடிதத்தில், உங்கள் உடலே கடவுள் குடியிருக்கும் ஆலயம் என்று நினைவூட்டுவார். ஆலயத்தை எப்படி வைத்துக்கொள்வோமோ, அப்படித்தான் உடலையும் உறவையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். கடவுளை மதிக்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வேறு மாதிரி வாழ முடியாது.

இதைத்தான் அருளானந்தர் தடியத்தேவரிடம் சொன்னார். ஒரு மனைவியோடு வாழ வேண்டும். இந்த நிபந்தனையில் விட்டுக்கொடுக்கவில்லை.

இதை அவரால் கேட்க முடிந்ததற்கு ஒரே காரணம்தான். தன்னிடம் இருந்ததை எல்லாம் அவர் ஏற்கெனவே விட்டுவிட்டு வந்திருந்தார். அரண்மனையை, அம்மாவை, நாக்கின் ருசியை, சொந்தப் பெயரைக்கூட. தான் எதையும் இழக்காமல் மற்றவரை மட்டும் இழக்கச் சொன்னவர் அல்ல அவர். தடியத்தேவர் சம்மதித்தார். 1693 ஜனவரி 6-ம் தேதி, மூன்று ஞானியர் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார்.

கடலாயியின் கண்ணீர்

இங்கேதான் கதையில் இன்னொரு மனிதர் வருகிறார். பக்திக் கதைகளில் பெரும்பாலும் வில்லியாகவே வந்துபோகும் ஒரு பெண். கடலாயி.

தடியத்தேவரின் இளைய மனைவி. சேதுபதியின் உறவுப் பெண். 'இனி நீ எனக்குச் சகோதரி போல' என்று கணவர் சொன்னால், அவர் என்ன செய்வார்? தனக்கு எந்தக் குற்றமும் தெரியாது. சாஸ்திரப்படி, ஊரறியத் திருமணம் நடந்தது. திடீரென்று ஒரு நாள் அந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்கிறார்கள். அனுப்பப்பட்ட மனைவியருக்கு எந்தக் குறையும் வராது என்று தடியத்தேவர் வாக்குக் கொடுத்தார் என்பது மறைப்பணியாளர்களின் பதிவு. ஆனால், சோறும் துணியும் மட்டுமா ஒரு பெண்ணின் வாழ்க்கை?

கடலாயி நேராக அரண்மனைக்குப் போய் அழுதார். சேதுபதிக்குக் கோபம் வந்தது. வீட்டுப் பெண்ணின் கண்ணீர் ஒரு பக்கம். அரியணைக்குப் போட்டியாக வரக்கூடியவர், புது மதத்தில் சேர்ந்து ஆதரவு திரட்டுகிறாரோ என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். வரலாற்று ஆசிரியர்கள் இந்த இரண்டாவது காரணத்தையும் அழுத்திச் சொல்கிறார்கள்.

பல மனைவியர் வழக்கம் அந்தக் காலத்துப் பெண்களுக்குச் சுகமாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1710-ல் இதே கிழவன் சேதுபதி இறந்தபோது, அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாகக் குறிப்புகள் இருக்கின்றன. ஆக, அந்த ஏற்பாட்டுக்குள் இருந்தாலும் பெண்ணுக்குத் துயரம், அதிலிருந்து விலக்கப்பட்டாலும் துயரம்.

தூய வாழ்வு என்ற முடிவை எடுப்பது ஒருவராக இருக்கலாம். அதன் பாரம் குடும்பத்தில் இன்னொருவர் தலையிலும் விழும். அதைக் கண்டுகொள்ளாமல் புனிதத்தைப் பேசினால், பேச்சில் ஏதோ ஒன்று குறையும். கடலாயி கேட்ட நியாயத்துக்கு அந்தக் காலத்தில் யாரிடமும் முழுமையான பதில் இல்லை என்பதே உண்மை.

திருநீற்றுப் புதனில்...

ஞானஸ்நானம் நடந்து இரண்டே நாளில், ஜனவரி 8-ம் தேதி, அருளானந்தர் கைதானார். ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். தடியத்தேவர் பின்வாங்கவில்லை. குருவுக்காகப் பரிந்து பேசினார். வெளிப்படையாகக் கொன்றால் கலகம் வரும் என்று நினைத்த அரசர், நாடு கடத்துவதாகச் சொல்லி, தன் சகோதரர் உடையத்தேவரின் பொறுப்பில் இருந்த ஓரியூருக்கு அனுப்பினார். அங்கே தலையை வெட்டிவிட வேண்டும் என்பது ரகசிய உத்தரவு.

பிப்ரவரி 3-ம் தேதி சிறையில் அவர் சக குருக்களுக்குக் கடிதம் எழுதினார். மையில்லை, பேனாவும் இல்லை. கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து, வைக்கோல் துரும்பால் எழுதினார். அதில் புலம்பல் இல்லை, சாவை எதிர்பார்த்திருக்கும் நிம்மதிதான் இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. அந்த ஆண்டின் திருநீற்றுப் புதன். 'மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே போவாய்' என்ற நினைப்போடு கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்கும் நாள். ஆற்றைப் பார்த்த மேட்டில் அவர் முழங்காலிட்டு ஜெபித்தார். வெட்ட வந்தவரைத் தழுவிக்கொண்டார் என்கிறார்கள். 46-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

அவருடைய பெயருக்குரியவரான திருமுழுக்கு யோவானும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான் தலையை இழந்தார். சகோதரனின் மனைவியை வைத்திருப்பது சரியல்ல என்று ஏரோது மன்னனிடம் நேருக்கு நேர் சொன்னவர் அவர். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னர், முதல் மனைவியை விலக்கி மறுமணம் செய்ததை ஏற்க மறுத்த தாமஸ் மோரின் தலை 1535-ல் வெட்டப்பட்டது. திருமணம் வீட்டு விஷயம்தானே என்று நாம் நினைக்கிறோம். அரசர்களை அதிகமாக உறுத்தியது அந்த வீட்டு விஷயம்தான்.

மரணச் செய்தி பல மாதங்கள் கடல் கடந்து லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. அம்மா பியாட்ரிஸ் அப்போதும் உயிரோடு இருந்தார். துக்க உடை உடுத்தாமல், திருவிழா உடையில் நன்றி வழிபாட்டுக்கு வந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உள்ளுக்குள் அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் அம்மாக்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

எல்லோருக்குமான செம்மண்

1853-ல் அருளானந்தருக்கு முக்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம். 1947 ஜூன் 22-ம் தேதி, இந்தியா விடுதலை அடைய இரண்டு மாதங்கள்கூட இல்லாத நேரத்தில், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஓரியூரில் அவர் ரத்தம் சிந்திய இடத்து மண் சிவப்பாக இருக்கிறது. அவருடைய ரத்தத்தால் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அந்த மண்ணைக் கொஞ்சம் துணியில் முடிந்து எடுத்துப் போகிறார்கள். பிள்ளைக்கு மொட்டை போடுகிறார்கள், காது குத்துகிறார்கள். தென்னங்கன்று காணிக்கை வைக்கிறார்கள். ஆடு, கோழி நேர்ந்துவிட்டு, அங்கேயே சமைத்து, அசனமாக எல்லோருக்கும் பரிமாறுகிறார்கள். வருபவர்களில் இந்துக்களும் ஏராளம். எந்த மறவர் நாட்டில் அவர் தலை விழுந்ததோ, அந்த மண்ணின் மக்கள் அவரைத் தங்கள் குலசாமியைப்போலக் கும்பிடுகிறார்கள். பழைய பகை எங்கே போனது என்றே தெரியவில்லை.

ரத்தம் சிந்தாத புனிதம்

எல்லோரும் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இன்னோர் ஊர் சாட்சி. சிவகங்கை மாவட்டத்துச் சருகணி. மருது சகோதரர்கள் மானியம் அளித்ததாக இன்றும் பெருமையோடு பேசப்படும் தேவாலயம் இருக்கும் ஊர். அங்கே பிரான்ஸ் நாட்டு இயேசு சபைக் குரு லூயி மரி லெவே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1973-ல் காலமானவர்.

'லெவே சாமி' என்றால் வயதான விவசாயிகளுக்குக் கண்மாயும் கிணறும்தான் ஞாபகத்துக்கு வரும். வானம் பார்த்த பூமியில் மக்களோடு நின்று தண்ணீருக்கு வழி தேடியவர். எந்த அரசரும் அவரைக் கைது செய்யவில்லை. வாளும் வரவில்லை. எளிமையாக வாழ்ந்து, வயோதிகத்தில் படுக்கையில் இறந்தார். அவரையும் புனிதராக அறிவிக்க வேண்டும் என்ற நடவடிக்கையைத் திருச்சபை தொடங்கியது. அருளானந்தர் ஒரு நாளில் கொடுத்ததை, லெவே சாமி பல்லாயிரம் நாள்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

நம் வீட்டு வாசலில்

தவக்காலம் வந்தால் பலர் அசைவத்தை நிறுத்துவார்கள். சிலர் டிவி பார்ப்பதில்லை, சிலர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. நல்லதுதான். ஆனால், அருளானந்தரின் வாழ்க்கையைப் படித்தால் ஒன்று புரிகிறது. சாப்பாட்டைக் குறைத்தது அவருக்குத் தொடக்கம் மட்டுமே. அரசரின் தயவு கிடைக்கும் இடத்தில் அதை வேண்டாம் என்றார். பெரிய மனிதர் ஒருவர் தன் பக்கம் வரும்போதுகூட, அவருக்காக ஒழுக்கத்தின் அளவுகோலை வளைக்க மறுத்தார்.

நம் பரீட்சைகள் சிறியவை. அண்ணன் தம்பிக்குள் வீட்டைப் பிரிக்கும்போது ஒரு சென்ட் கூடக் குறைய எழுதுவது. கடையில் தராசு. மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் செல்போனில் ஒரு பூட்டு. 'இதெல்லாம் எல்லோரும் செய்வதுதானே' என்ற சமாதானம். பல மனைவியர் வழக்கமும் அன்றைக்கு எல்லோரும் செய்ததுதான்.

பிள்ளைகளிடம் நாம் கேட்பது இன்னும் அதிகம். பொய் சொல்லாதே, போனைக் கீழே வை, கடவுளுக்குப் பயந்து நட. கேட்பதில் தவறில்லை. ஆனால், அதைச் சொல்லும் முன் நாம் எதை விட்டிருக்கிறோம் என்று பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூடவே, நம் பக்தியின் பாரத்தை வீட்டில் யார் சுமக்கிறார்கள் என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. விரதம் நம்முடையது, விடியற்காலையில் எழுந்து சமைப்பது யார்?

அடுத்த முறை காரைக்குடி பக்கம் வந்தால், தேவகோட்டை தாண்டி ஓரியூர் வரை போய் வாருங்கள். அந்தச் செம்மண்ணை எடுத்து முடியும்போது அருளானந்தரை நினைத்துக்கொள்ளுங்கள். கடலாயிக்காகவும் ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அவருக்குக் கோயில் இல்லை.